அப்பா வாங்கிய எட்டுப் படங்கள்

லண்டன் போகிற நம் ஆட்கள் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சுற்றிவிட்டு, கால் வலியோடு ஓட்டலுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை போனால், லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் 13-ம் நம்பர் வீட்டுக்கும் போங்கள். பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் ஆர்க்கிடெக்ட்டாக இருந்த சர் ஜான் ஸோன் தனக்காகக் கட்டிக்கொண்ட வீடு. இப்போது அதுதான் மியூசியம். டிக்கெட் கிடையாது!

அங்கே ஒரு சின்ன அறை. நம் ஃபிளாட் பெட்ரூம் சைஸ்தான் இருக்கும். அதற்குள் நூற்றுக்கும் மேல் படங்கள். எப்படி? சுவருக்கே கீல் வைத்திருக்கிறார் மனுஷன். அலமாரிக் கதவு மாதிரி திறந்தால் உள்ளே இன்னொரு வரிசை!

அங்கேதான் இருக்கிறது வில்லியம் ஹோகார்த் 1730-களில் வரைந்த ஊதாரியின் கதை. எட்டுப் படங்கள். கஞ்ச அப்பா போய்ச் சேர்கிறார். மகன் டாம் உடனே தையற்காரருக்கு அளவு கொடுக்கிறான். அப்புறம் குடி, காசுக்காக ஒரு வயதான அம்மாளோடு கல்யாணம், சூதாட்டம், கடன்காரர் சிறை, கடைசியில் பைத்தியக்கார விடுதி.

பி.காம். புத்தி, விலை கேட்காமல் விடுமா? 1745-ல் ஹோகார்த் விற்றது ஒரு படம் 22 கினிக்கு. ஆக, 176. 1802-ல் ஸோன் கொடுத்தது 570 கினி. நல்ல முதலீடு என்று நினைக்கிறீர்களா? இருங்கள்.

ஸோனுக்கு இரண்டு மகன்கள். இருவரையும் ஆர்க்கிடெக்ட் ஆக்க ஆசைப்பட்டார். இருவருமே ஆகவில்லை. சின்னவன் ஜார்ஜ் கடனில் மூழ்கி, நிஜமாகவே சிறைக்குப் போனான். 1815-ல் ஒரு பத்திரிகையில் பெயர் போடாமல் அப்பாவின் கட்டடங்களைக் கிழித்து எழுதினான். இந்த வீட்டையும் விடவில்லை. சில வாரங்களில் அம்மா இறந்துபோனார். மகன் எழுத்துதான் கொன்றது என்று நம்பிய ஸோன், அந்தக் கட்டுரைகளை ஃப்ரேம் போட்டு மாட்டினார். 1833-ல் பார்லிமென்ட்டில் தனிச் சட்டமே போடவைத்து, தனக்குப் பின் வீடு நாட்டுக்கு என்று எழுதிவைத்தார். ஜார்ஜுக்கு வீடு இல்லை.

அடுத்தவன் பிள்ளையைக் கிண்டலடிக்கும் படத்துக்கு 570 கினி. தன் பிள்ளை தன் வீட்டைக் கிண்டலடித்தால் தாங்க முடியவில்லை.

2019-ல் இதே வீட்டில் ஒரு எக்ஸிபிஷன். ஹோகார்த்தின் மற்ற தொடர்களையும் நேஷனல் கேலரி முதலிய இடங்களிலிருந்து வரவழைத்து, இவற்றோடு காட்டினார்கள். அருமையான காரியம்தான். ஆனால், இந்த எட்டுக்கும் சரியான துணை, என்னைக் கேட்டால், இந்த வீட்டின் கதைதான். அது தெரிந்தபின் முதல் படத்தைப் பாருங்கள். செத்த கஞ்சனின் வீட்டில் பட்டினியில் ஒரு பூனை. பிள்ளையின் அழிவு அப்பன் வீட்டிலேயே தொடங்கிவிட்டது என்கிறார் ஹோகார்த். படத்தை வாங்கிய அப்பா அதைக் கவனித்தாரா?

கடைசிப் படத்தையும் விட்டுவிடாதீர்கள். டாம் தரையில் கிடக்கிறான். விசிறியும் கையுமாக ஒரு பணக்காரப் பெண்மணி பொழுதுபோக்காக வேடிக்கை பார்க்கிறாள்.

அவள் பக்கத்தில்தான் நீங்களும் நானும் நிற்கிறோம்.