தொம்பை தொங்கும் வீடு

பித்தளை அண்டா, மரப்பாச்சி, பழைய கடிகாரம் என்று ஆளுக்கொரு பைத்தியம் இருக்கும். எனக்குத் துணிப் பைத்தியம். பட்டுப்புடவை இல்லை சார், தேரில் தொங்குமே தொம்பை, அது! திருவாரூர் ஆழித்தேர் அசைந்து வரும்போது ஊரே உச்சிக் கலசத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். நான் பக்கவாட்டில் ஆடும் தொம்பைகளை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாய் வெட்டிவைத்துத் தைத்த துணிக் குழல்கள், வடத்தை இழுக்க இழுக்கக் குலுங்குகிற அழகு இருக்கிறதே... அடடா!

இதில் தையல் தொம்பை ஒரு ருசி என்றால், தீட்டிய தொம்பை வேறு ருசி. கருப்பூர் கலம்காரியைச் சொல்கிறேன். தஞ்சை மராட்டிய அரண்மனைக்குப் புடவை செய்துகொடுத்த கோடாலிக்கருப்பூரின் பெயரைத் தாங்கிய கலை. இன்றும் கும்பகோணம் வட்டாரத்தில் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கை ஓய்ந்துவிடவில்லை. 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்தி, மூங்கில் குச்சியில் துணி சுற்றிய கலத்தால் கோடு இழுக்கிறார்கள். கறுப்பு எப்படி வருகிறது தெரியுமா? துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறப்போட்டால் வருகிறது! யாளியின் மீசையை ஒரே இழுப்பில் முடித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல அடுத்த யாளிக்குப் போகும் கையைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும்.

பழசு வேட்டைக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. அங்கே எல்லாரும் எனாமல் தூக்குவாளிக்கும் ரவிவர்மா அச்சுப் படத்துக்கும் பாய்வார்கள்; மூலையில் மூட்டையாய்க் கிடக்கும் துணியை யாரும் சீந்த மாட்டார்கள். என் பொக்கிஷம் அப்படிக் கிடைத்ததுதான். “அண்ணே, இது பரண்ல கெடந்த கந்தல், இதையா கேக்குறீங்க?” என்றார் கடைக்காரத் தம்பி. விரித்தால், கிளிக் கூட்டம்! அத்தனையும் நீலக் கிளிகள். அவுரி நீலத்தின் மேல் மஞ்சள் பூசித்தான் அந்தக் காலத்தில் பச்சை உண்டாக்கினார்கள். வெயில் பட்டால் மஞ்சள் முதலில் ஓடிவிடும், நீலம் மட்டும் நிற்கும். என் கிளிகள் பச்சையாய்ப் பிறந்து நீலமாய்க் கிழடு தட்டியவை.

தேயிலைச் சாயத்தில் முக்கி எடுத்துப் ‘பழசு’ என்று தள்ளிவிடும் ஆட்களும் உண்டு. கறுப்புக் கோட்டைப் பாருங்கள். நிஜமான பழந்துணியில் பெரும்பாலும் அங்கேதான் முதலில் இற்றிருக்கும். இரும்பு நூலைத் தின்றுவிடும். கோயில் பெயர் எழுதியிருந்தால் மட்டும், எவ்வளவு அழகாய் இருந்தாலும், நான் தொடுவதில்லை. நூறு வருடம் தாண்டியதை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 தொல்பொருள் சட்டம் விடாது என்பதையும், அமெரிக்கா போகும் அத்தைமார் கேட்டால், சொல்லிவைக்கிறேன்.

கிளித் துணி வெயில் எட்டாத உள்சுவரில் இருக்கிறது. துவைப்பதில்லை, மடிப்பதில்லை, மழைக்காலத்தில் உருளையில் சுற்றி, பக்கத்தில் வசம்பு முடிச்சு. புதுத் தொம்பைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு எதுவுமில்லை! கூடத்து உத்தரத்தில் நாலைத் தொங்கவிட்டேன். தயவுசெய்து தொம்பையைக் கண்ணாடிச் சட்டத்தில் அடைக்காதீர்கள், அது பாவம். பின்கட்டுக் கதவைத் திறந்தால் நாலும் சேர்ந்து ஆடுகின்றன. கீழே அய்யனார் கோயில் மண்குதிரையின் சின்ன அண்ணன் தம்பிகள் இரண்டு. முதல்முறை பார்த்த அம்மா, “வீட்டுக்குள்ளயே தேர் கட்டிட்டியாடா? வடம் எங்க?” என்றாள்.

இப்போது அஸ்மானகிரி வேண்டும். மண்டபத்து விதானத்தில் கட்டுவார்களே, நடுவில் பெரிய தாமரை போட்ட மேற்கட்டி, அதுதான். படுக்கையறைக் கூரைக்குச் சரியாக வரும், அளந்தும் பார்த்துவிட்டேன். மின்விசிறியைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான். வைகாசி வரை அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று வீட்டில் உத்தரவு.