சுரக்குறிப்புப் பதிப்புகளில் நிறுத்தக்குறிகளும் மேற்கோள்குறியும்

கருநாடக இசைச் சுரக்குறிப்பில் காற்புள்ளி ஓரலகு நீட்சியையும் அரைப்புள்ளி ஈரலகு நீட்சியையும் குறிக்கும். ஆதலால், சுரத்தின்கீழ் அமையும் சாகித்திய வரியில் உரைநடைக் காற்புள்ளியை இட்டால், அது தொடரின் பிரிவா, இசையின் நீட்சியா என்னும் ஐயம் எழும். அவ்வரியில் நிறுத்தக்குறிகளைத் தவிர்ப்பது பொருத்தமே.

மேற்கோள்குறியையும் அவ்விதியால் நீக்குவது பொருந்தாது. அதற்கு இசைப்பொருள் இல்லை. அருணாசலக் கவிராயரின் (1711–1779) இராம நாடகக் கீர்த்தனைகளில் பாத்திரக் கூற்றுகள் மிகுதி. தமிழில் கூற்றின் முடிவை ‘என்று’, ‘என’ முதலிய சொற்கள் பெரும்பாலும் உணர்த்திவிடும். தொடக்கத்தை உணர்த்தும் சொல் இல்லை. சரணத்தில் ஒருவர் கூற்று வர, பின்னர்ப் பல்லவி மீளும்போது, அதுவும் அவர் கூற்றோ என்னும் மயக்கம் நேரும். பொருள் பிறழின் பாவமும் பிறழும்.

ஓலைச்சுவடிகளில் இக்குறி இல்லை என்பது தக்க மறுப்பாகாது. சுவடி வழிப் பயின்றோர்க்கு ஆசிரியரின் வாய்மொழி துணைநின்றது; அச்சுநூலை மட்டுமே நம்பிப் பயில்வோர்க்கு அத்துணை இல்லை.

ஆகவே, நிறுத்தக்குறிகள் அனைத்தும் அமைந்த பாடல் மூலத்தைச் சுரக்குறிப்புக்குமுன் தனியே தருதல் வேண்டும். சாகித்திய வரியில் மேற்கோள்குறி மட்டும் இடம்பெறலாம். அது நீட்சிக்குறிகளுக்கு அப்பால் விலகாமல், உரிய எழுத்தை ஒட்டியே நிற்றல் வேண்டும்.