விளக்கச்சீட்டும் மொழிபெயர்ப்பும்: 'இன்கிசி'யை முன்வைத்து

அருங்காட்சியகப் பொருளின் அருகே வைக்கப்படும் விளக்கச்சீட்டும் ஒரு மொழிபெயர்ப்பே. ஒரு பண்பாட்டில் செயலோடு வாழ்ந்ததை அது வேறொரு பண்பாட்டின் பார்வைப் பொருளாக மாற்றித் தருகிறது. அம்மாற்றத்தில் நேரும் இழப்பினைக் கொங்கோ மக்களின் 'இன்கிசி' நன்கு காட்டும்.

ஆணிகளும் இரும்புத் தகடுகளும் அறையப்பட்ட இம்மர உருவங்கள் மேலைநாட்டு அருங்காட்சியகங்களில் நெடுங்காலம் 'ஆணி ஃபெட்டிஷ்' எனப்பட்டன. ஃபெட்டிஷ் என்பது மாந்திரிகத்தைக் குறிக்கும் போர்ச்சுக்கீசியச் சொல்லின் வழிவந்தது; ஆப்பிரிக்கக் கரையில் வணிகம் செய்தோரால் பரவியது. எனவே அது பொருளைவிடக் கண்டவர் கருத்தையே மிகுதியும் உணர்த்திற்று. ஆணிகள் சூளுரை, உடன்படிக்கை, முறையீடு ஆகியவற்றின் பதிவுகள் என்பது மறைந்தது. இவ்வகையின் பெயரான 'இன்கோண்டி', வேட்டையாடுதலைக் குறிக்கும் வினையடியாகப் பிறந்தது. வாக்குத் தவறியவரைத் தேடிச் சென்று ஒறுப்பது அதன் தொழில்.

1988இல் நியூயார்க்கில் சூசன் வோகல் அமைத்த காட்சியில் சாண்டே மக்களின் வேட்டை வலை ஒன்று கலைப்படைப்பைப் போல வைக்கப்பட்டது. காட்சிமுறையே பொருள் கற்பிக்கும் என்பதனை அது மெய்ப்பித்தது. எனினும் வெண்சுவரும் மௌனமும் விளக்கமாகா. 1993இல் வாஷிங்டன் காட்சியையொட்டி வயட் மெக்காஃபி, கொங்கோ மக்களே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் மொழியில் எழுதிய குறிப்புகளைக் கொண்டு மின்கிசிக்கு (இன்கிசியின் பன்மை) விளக்கம் தந்தார். இதுவே தக்க நெறி.

ஆயினும், மூலச்சொல்லை ஒலிபெயர்த்து எழுதுவது மட்டும் போதாது. பெயரை நிறுத்தி வினையை விடுத்தால் அப்பெயரும் ஒரு திரையே. ஆணியை அறைந்தவர் யார், எதன்பொருட்டு அறைந்தார் என்பவற்றைச் சீட்டு கூறுதல் வேண்டும்.