முடிச்சும் சிற்பமும்: மிருணாளினி முகர்ஜியின் ஆக்கமுறை பற்றிச் சில குறிப்புகள்

பண்டத்தரிப்பில் சார்வோலை வார்ந்து கடகம் இழைத்து, அதற்கு நார் பொத்தும் பெண்ணைச் சிற்பி என எவரும் அழைப்பதில்லை. பொருளைத் தாங்கும் வடிவமொன்றை வெறுங்கையால் எழுப்புகின்றாள்; எனினும் அது 'கைப்பணி' என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றது. இப்பாகுபாடு அழகியலிலிருந்து பிறந்ததன்று. உழைப்பின் சமூகப் பிரிவினையிலிருந்து பிறந்ததாகும். மிருணாளினி முகர்ஜியின் (1949-2015) ஆக்கங்களை இவ்வினாவுடனேயே நாம் அணுக விரும்புகின்றோம்.

பம்பாயிற் பிறந்த அவரின் தந்தை ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி. தாய் லீலா சிற்பி. சாந்திநிகேதன் மரபு அவருக்கு வீட்டுச் சொத்தாகவே கிடைத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பரோடாவில் அவர் ஓவியமும், பின்னர் கே. ஜி. சுப்ரமணியனிடம் சுவரோவியமும் பயின்றார். சுப்ரமணியன் 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறிச் சபையிற் பணியாற்றியவர். நெசவாளரின் அறிவைக் கலைக்கல்விக்குள் கொணர்ந்தவர். மாணவி சணற்கயிற்றைக் கையிலெடுத்தமைக்கு இப்பின்னணி முக்கிய காரணம் எனலாம்.

தறியில்லை, ஊசியில்லை, முன்வரைபடமும் இல்லை. சாயந்தோய்த்த கயிற்றை முடிச்சு முடிச்சாக இறுக்கி, ஆளுயரத்தை மிஞ்சும் உருவங்களை அவர் எழுப்பினார். 'யக்ஷி' (1984), 'வனஸ்ரீ' (1994) ஆகியவற்றில் மடிப்புக்கள் இதழாகவும் உடலாகவும் ஒருங்கே தோன்றுகின்றன. கயிற்றின் கனமே வடிவத்தைக் கீழ்நோக்கி இழுக்கின்றது. முடிச்சின் இறுக்கம் அதை நிறுத்துகின்றது. இம்முரணியக்கத்திலேயே சிற்பத்தின் உயிர் தங்கியுள்ளது. பெயர்களைக் கண்டு இவற்றைக் கீழைத்தேய மறைஞானமாகப் பொருள் கொள்ளும் விமர்சகர்கள், மாதக்கணக்கான கையுழைப்பைக் காணத் தவறுகின்றனர். பெயர் சூட்டிய கலைஞருக்கும் இதிற் சிறு பங்குண்டு என்பது எமது கருத்து.

1990களில் சுடுமண்ணும், 2003 அளவில் வெண்கலமும் அவருக்கு ஊடகங்களாயின. வெண்கலத்தில் நுட்பம் மிகுந்திருப்பினும், கயிற்றிலிருந்த துணிவு அதில் இல்லை. வெண்கலத்துக்குச் சிற்பமென்ற தகுதி முன்பே உண்டு. கயிறோ அதனைப் போராடிப் பெறவேண்டியிருந்தது.

1994இல் ஒக்ஸ்போர்ட் நவீன கலைக்கூடம் அவரது கயிற்றுச் சிற்பங்களைக் காட்சிப்படுத்தியது. 2015இல் புதுடில்லித் தேசிய நவீன கலைக்கூடத்தில் அவரது பின்னோக்குக் கண்காட்சி தொடங்கிய சில நாட்களில் அவர் மறைந்தார். 2019இல் நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகமும் அவரை ஏற்றது. ஏற்கப்பட்டது ஒரு கலைஞரா, அன்றி முடிச்சிடும் கையா? பரோடாப் பட்டமும் பெற்றோர் பெயருமின்றி அதே முடிச்சை இடுவோரின் ஆக்கம் இன்னும் சந்தையில் எண்ணிக்கைக்கே விலைபோகின்றது.