டெக்கைத் தூக்கிப் பார்க்க நேரமில்லை

அமெரிக்காவில் புல்தரையை ஒரு சாகுபடி என்றே சொல்லிவிடலாம். கிறிஸ்டினா மிலேசி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2005இல் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு கணக்கிட்டபோது, அந்நாட்டுப் புல்தரைகளின் பரப்பு ஏறத்தாழ 1,63,800 சதுர கிலோமீட்டர் என்று வந்தது. தமிழ்நாடு முழுவதையும் அதன்மேல் விரித்தாலும் மிச்சம் இருக்கும். பாசனத்தில் விளையும் மக்காச்சோளத்தின் பரப்பைப்போல் அது மூன்று மடங்கு. தின்னவும் விற்கவும் உதவாத இந்தப் பயிரை வளரும் பருவம் முழுக்க வாரம் ஒருமுறை அறுத்தாக வேண்டும். அறுப்பதையே தொழிலாகக் கொண்ட குழுக்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. நியூ ஜெர்சியிலோ டெக்சஸிலோ வீடு வாங்கிய தமிழர்களும், முதல் கோடையில் தாமே இயந்திரத்தைத் தள்ளிப் பார்த்துவிட்டு, அடுத்த கோடையில் இப்படி ஒரு குழுவைத் தேடுவதுண்டு.

அந்தக் குழுக்களின் டிரெய்லர்களில் வழக்கமாகக் காணக்கூடியது, பின்னால் நடந்து ஓட்டும் தொழில்முறைப் புல்வெட்டி. வீட்டுக்காரர் தள்ளும் 21 அங்குல இயந்திரத்தோடு இதைச் சேர்த்து எண்ணக் கூடாது. இதன் வெட்டு அகலம் 32, 36, 48, 52 அங்குலம் என்று போகும். எடை கால் டன்னைத் தாண்டுவதும் உண்டு. முன்னால் இருக்கும் எஃகுக் கூண்டுக்குப் பெயர் டெக். அதனுள் இரண்டு அல்லது மூன்று பிளேடுகள் படுக்கைவாட்டில் சுழல்கின்றன. எஞ்சின் டெக்குக்குப் பின்னால், கைப்பிடி அதற்கும் பின்னால், அதைப் பிடித்தபடி ஆள். 1980களில் நெப்ராஸ்காவின் பியாட்ரிஸ் நகரில் எக்ஸ்மார்க் போன்ற நிறுவனங்கள் தொடங்கியபின் இந்த வடிவம் தொழிலில் ஊன்றிக்கொண்டது.

இயந்திரம் என்ற அளவில் இதில் பெரிதாகக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. குறை இதை ஓட்டும் தொழிலின் கணக்கில் இருக்கிறது. வெட்டின் தரம், ஆளின் பாதுகாப்பு இரண்டும் டெக்குக்கு அடியில் முடிவாகின்றன. அங்கே குனிந்து பார்க்கும் நேரத்துக்குத்தான் யாரும் கூலி தருவதில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். பிளேடின் பின்விளிம்பு மேல்நோக்கி வளைந்திருக்கும். சுழலும்போது அது காற்றை மேலே இழுக்க, சாய்ந்து கிடக்கும் புல் நிமிர்கிறது. கூர்விளிம்பு அதை வெட்டுகிறது. வெட்டிய துணுக்குகளை அதே காற்று பக்கவாட்டு வாய் வழியாக வெளியே வீசுகிறது. டெக்கின் வடிவம் முழுவதும் இந்தக் காற்றுக்கு வழிசெய்வதற்காகவே. மூன்று பிளேடு உள்ள டெக்கில் நடுப் பிளேடு சற்று முன்தள்ளி நிற்கும். மூன்றும் ஒரே வரிசையில் நின்றால் இடையிடையே வெட்டுப்படாத கீற்று விழும் என்பதால் இந்த ஏற்பாடு. ஒரே பெல்ட் எஞ்சின் கப்பியிலிருந்து புறப்பட்டு, பிளேடுகளைச் சுழற்றும் அச்சுகளான மூன்று ஸ்பிண்டில்களையும் சுற்றி வருகிறது. மின்னணு மர்மம் எதுவும் இல்லை. மாவு மில் நடத்தியவர் யாராக இருந்தாலும் டெக்கின் மேல்மூடியைக் கழற்றிய ஐந்தாவது நிமிடம் இதன் போக்கைப் புரிந்துகொள்வார். பேரிங் போனால் பேரிங்கை மட்டும் மாற்றலாம். டெக்கின் தகடு கீறினால் வெல்டிங் வைக்கலாம். நல்ல டெக்குகளின் எஃகுத் தகடு 10 கேஜ், அதாவது சுமார் 3.4 மில்லிமீட்டர், இன்னும் கனமானவை 7 கேஜ், நாலரை மில்லிமீட்டர். வாங்கிய இரண்டாம் ஆண்டே குப்பைக்குப் போகும் பொருள்கள் மலிந்த சந்தையில் இப்படிப்பட்ட இயந்திரத்தை மதிக்கத்தான் வேண்டும்.

நடந்து ஓட்டுவதிலும் ஆதாயம் உண்டு. 36 அங்குல டெக் பல வீடுகளின் கொல்லைக் கதவுக்குள் நுழையும். உட்கார்ந்து ஓட்டும் பெரிய வண்டி நுழையாது. ஈர மண்ணில் சக்கரத் தடம் குறைவாகப் பதியும். சரிவில் நடந்து ஓட்டுவது இன்னும் முக்கியம். உட்கார்ந்து ஓட்டும் வண்டி கவிழ்ந்தால் ஆள் அதன் அடியில் சிக்குவான். நடப்பவன் கையை விட்டு விலகிவிடலாம். கையை எடுத்தால் இயந்திரம் தானே நிற்கும்படி கைப்பிடியில் நெம்புகோல் வைத்திருக்கிறார்கள். அது வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இனிப் பொருத்தும் வேலை. புது இயந்திரம் பெட்டியில் வந்து இறங்கும்போது அது பாதி இயந்திரம். கைப்பிடியை மாட்டி, எண்ணெய் ஊற்றி, கட்டுப்பாட்டுக் கம்பிகளின் நீளத்தைச் சரிசெய்து, பெல்ட் இழுவையைப் பார்த்தபின் மட்டம் பார்க்கும் வேலை தொடங்கும். இந்தக் கட்டத்தில் அவசரப்படுகிறவர்களே அதிகம். டயர் காற்றை முதலில் பார்க்க வேண்டும். ஒரு டயரில் காற்று குறைந்திருந்தால் மற்ற அளவுகள் எல்லாம் பொய். பிறகு சமதளத்தில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் கம்பியைக் கழற்றிவிட்டு, பிளேடு முனைகளின் உயரத்தை இடமும் வலமும் அளக்க வேண்டும். அடுத்தது முன்பின் சாய்வு. பிளேடின் முன்முனை பின்முனையைவிட எட்டில் ஒரு அங்குலம் முதல் கால் அங்குலம் வரை தாழ்ந்திருக்க வேண்டும் என்பது பரவலான விதி. முன்பக்கம் தாழ்ந்திருந்தால் புல் ஒரே முறை வெட்டுப்படும். பின்பக்கம் தாழ்ந்தால், முன்னே வெட்டிய புல்லைப் பின்முனை மறுபடி சீவும்; எஞ்சின் திணறும், பெல்ட் சூடாகும், நுனி சிதைந்த புல் மறுநாள் பழுத்துப்போகும். கால் அங்குலத்துக்குள் அடங்கும் இந்தச் சாய்வில் ஒரு புல்தரையின் நிறமே தங்கியிருக்கிறது. பிளேடைத் தலைகீழாக மாட்டுவது இதைவிட எளிய தவறு. நடக்காத தவறும் இல்லை. வளைந்த விளிம்பு டெக்கின் கூரையைப் பார்த்து இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் புல் வெட்டுப்படாது, அடிபட்டுச் சாயும்.

டெக்கில் இரண்டு வகை உண்டு, நிலையானது, மிதப்பது என்று. நிலையான டெக் சட்டத்தோடு இறுக்கப்பட்டது. வெட்டு உயரத்தை மாற்ற வேண்டுமானால் முன்சக்கரத்தின் வளையங்களை இடம் மாற்றி, பிளேடு போல்ட்டில் வாஷர் சேர்த்தோ எடுத்தோ, சில இயந்திரங்களில் அச்சையே வேறு துளைக்கு நகர்த்தியோ செய்ய வேண்டும். மிதக்கும் டெக்கில் பின்னையோ நெம்புகோலையோ மாற்றினால் போதும். நிலையான டெக்கைப் புகழ்கிறவர்கள் அது எளிது, விலை குறைவு, தேய்வதற்கு அதிகம் இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் விளைவைப் பார்க்க வேண்டும். டால் ஃபெஸ்க்யூ புல்லை மூன்று அங்குலத்துக்கு மேல் விட வேண்டும். பெர்முடா ஒன்றிரண்டு அங்குலத்தில் செழிக்கும். ஒரே வெட்டில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது புல் வளர்ப்பின் பாலபாடம். ஒரு நாளில் பல வீடுகளுக்குப் போகும் குழு ஒவ்வொரு வாசலிலும் வாஷர் மாற்றிக்கொண்டு நிற்குமா? நிற்காது. ஒரே உயரம் எல்லா வீட்டுக்கும், மழைக்காலத்துக்கும் வறட்சிக்கும். நிலையான டெக்கின் மலிவு விலைக்குப் புல்தான் வட்டி கட்டுகிறது. தொழிலுக்கு வாங்குபவர்கள் முதலிலேயே மிதக்கும் டெக்குக்குப் பணம் ஒதுக்குவது நல்லது என்பேன்.

பாதுகாப்பில் எனக்கு இதைவிடப் பெரிய மனத்தாங்கல் உண்டு. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 1982இல் நடைமுறைக்கு வந்தது. கைப்பிடியை விட்ட மூன்று நொடிக்குள் பிளேடு நின்றாக வேண்டும் என்கிறது அது. வீட்டுக்காரரின் சிறிய இயந்திரத்துக்கு இது கட்டாயம். 30 அங்குல அகலம், 200 பவுண்டு எடை, 8 குதிரைத்திறன் ஆகிய மூன்றையும் எட்டிய இயந்திரத்துக்கு இதே விதி பொருந்தாது. அதாவது கத்தி பெரிதாக, எடை கூடுதலாக, எஞ்சின் வலுவாக இருப்பதே விலக்குக்குத் தகுதி. நுகர்பொருளுக்கான சட்டம் தொழிற்கருவியைத் தொடாது என்ற சட்ட வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் கால்விரலுக்கு அந்த வாதம் தெரியாது. தொழில்முறை இயந்திரங்களுக்கான தரநிலையில் பிளேடு முனையின் வேக வரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி. மணிக்குச் சுமார் 347 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சரளைக் கல் ஒன்று அடிபட்டு வெளியேறினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

அந்தக் கல்லைத் தரையை நோக்கித் திருப்புவதற்காகத்தான் பக்கவாட்டு வாயில் மடங்கும் மறைப்பு வைத்திருக்கிறார்கள். அதையே கயிறு போட்டுத் தூக்கிக் கட்டிவிடும் வழக்கம் இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். வேலியில் முட்டுகிறது, மரத்தடியில் தடுக்கிறது, ஈரப்புல்லில் அடைக்கிறது என்று காரணம் சொல்வார்கள். கையை எடுத்தால் நிற்கச் செய்யும் நெம்புகோலுக்கும் பிளாஸ்டிக் கட்டுப்பட்டை போட்டுவிடுவது உண்டு. நாள் முழுக்க அதை அழுத்திப் பிடித்தால் விரல் மரத்துப்போகும் என்பது உண்மை. தொழிலாளியின் அலட்சியம் என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. விரல் மரத்துப்போகும் பிடியை வடிவமைத்தவருக்கும் இதில் பங்கு உண்டு.

நடையும் இப்போது பாதி போய்விட்டது. மேரிலாந்தில் புல்வெட்டும் தொழில் நடத்திய பில் ரைட் தம் ஆட்களுக்காகச் செய்த ‘வெல்க்கி’ என்ற நின்றபடி போகும் சக்கரப் பலகை பரவலானது. இயந்திரத்தின் பின்னால் அதை மாட்டி, ஆள் ஏறி நின்றுகொள்ளலாம். நாளெல்லாம் நடக்கும் கால்களுக்கு இது வரம், அதில் மறுபேச்சில்லை. ஆனால் சரிவில் நடப்பவனுக்கு இருந்த ஆதாயம், பலகையில் நிற்பவனுக்கு இல்லை. இறக்கத்தில் அவன் எடையும் சேர்ந்து இயந்திரத்தைத் தள்ளும். சமதளத்தில் ஏறு, சரிவில் இறங்கி நட என்பது பொதுவான அறிவுரை. நேரக்கணக்கு பார்க்கும் இடத்தில் யார் இறங்குவது?

பராமரிப்பில் இந்த நேரக்கணக்கு அப்பட்டமாகத் தெரியும். தினமும் ஓடும் பிளேடைத் தினமும் பார்க்க வேண்டும். சாணை பிடிக்கும்போது விளிம்பின் கோணம், பொதுவாக 30 பாகை, மாறக் கூடாது. இரு பக்கமும் ஒரே எடையில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் கனத்த பிளேடு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றும்போது அந்த ஆட்டம் முழுவதையும் ஸ்பிண்டில் பேரிங் வாங்கிக்கொள்ளும். பேரிங் தளர்ந்தால் பிளேடு தாழும், மட்டம் கெடும், கடைசியில் டெக்கின் வெல்டிங்கே பிளக்கும். மழுங்கிய பிளேடு இலையை வெட்டாமல் கிழிக்கிறது. கிழிந்த நுனி ஓரிரு நாளில் வெளுத்துப் பழுப்பாகும். அதற்குள் குழு எங்கோ போயிருக்கும். வீட்டுக்காரர் உரத்தின்மேல் பழியைப் போட்டு, இன்னொரு மூட்டை உரம் வாங்குவார்.

டெக்கின் உட்புறத்தில் அப்பிய புல் அடையைச் சுரண்டாமல் விட்டால் காற்று அடைபடும், எஃகு துருப்பிடிக்கும். சுரண்டச் சோம்பி உயர் அழுத்தத் தண்ணீரை நேராக ஸ்பிண்டிலில் அடிப்பது அதைவிடக் கேடு; தண்ணீர் சீலைத் தாண்டிப் பேரிங்குக்குள் போய்விடும். இயந்திரத்தைச் சுத்தமாக வைத்திருக்கிறோம் என்று நினைக்கிறவர்கள்தான் இதைச் செய்கிறார்கள் என்பது வேடிக்கை.

இவற்றில் எதுவும் கடினமான வேலை அல்ல. கற்றுக்கொண்ட ஆள் தொடர்ந்து இருந்தால் போதும். ஆனால் தற்காலிகத் தொழிலாளர்களுக்கான ஹெச்-2பி விசாவில் முதலிடம் வகிப்பது இந்தப் புல்தரை, தோட்ட வேலைதான். ஆண்டுக்கு 66,000 என்று சட்டம் வைத்த அடிப்படை உச்சவரம்புக்குள் பல தொழில்கள் முட்டிமோதுகின்றன. ஒரு பருவத்தில் மட்டம் பார்க்கக் கற்றவர் அடுத்த பருவம் வருவாரா என்பது அவர் கையிலும் இல்லை, முதலாளி கையிலும் இல்லை.

இதற்கிடையே இயந்திரமும் மாறிவருகிறது. கலிபோர்னியா 2021இல் இயற்றிய சட்டத்தின் தொடர்ச்சியாக, 2024 முதல் புதிய சிறு எஞ்சின்களைப் படிப்படியாக ஒழிக்கும் விதி வந்தது. மின்கல இயந்திரங்கள் எஞ்சின் புகையை நீக்கும், 85 டெசிபலைத் தாண்டும் இரைச்சலைக் கணிசமாகக் குறைக்கும். பல மின்கல மாதிரிகளில் பிளேடுக்கு ஒரு மோட்டார், பெல்ட்டே கிடையாது. மோட்டாரை மின்சாரத்தாலேயே நிறுத்த முடியும் என்பதால், பெரிய டெக்கின் கத்தியைச் சட்டென்று நிறுத்துவது கடினம் என்று இனிச் சொல்ல முடியாது. மூன்று நொடி விதியை அகலமான டெக்குக்கும் விரிக்க இதைவிடத் தோதான நேரம் வாய்க்காது. மற்றபடி பிளேடு பழையபடி மழுங்கும், டெக்கில் புல் அப்பும், டயரில் காற்று இறங்கும். பட்டறையும் மெக்கானிக்கும் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள், சாணை பிடித்த மாற்றுப் பிளேடுகளைத் தயாராக வைத்து, காலையில் வண்டி கிளம்பும் முன்பே மாட்டி அனுப்பிவிட முடியும். இரண்டு பேரும் ஒரு டிரெய்லருமாக ஓடும் குழுவுக்கு, அந்த வேலைக்கு ஆகும் அரை மணி நேரம் அடுத்த வீட்டின் கூலி.