முதுகில் கேட்கும் 'சடக்'

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இடுக்குப் பிள்ளையார் கோயிலின் குறுகிய வாசல்களுக்குள் பக்தர்கள் ஒருக்களித்துப் படுத்து, உடம்பை நெளித்து ஊர்ந்து வெளியே வருகிறார்கள். இடுப்புவலி, கைகால் வலி தீரும் என்பது நம்பிக்கை. வலித்த உடம்பை அசைத்தே சரிசெய்யப் பார்ப்பது நமக்குப் பழக்கமான வழிதான். சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் தொக்கணம் ஒன்று. தட்டல், இறுக்கல் தொடங்கி அசைத்தல் வரை அதில் ஒன்பது வகை. கால் முதலில் வெளிவந்து பிறந்தவரை அழைத்து, பிடித்துக்கொண்ட இடுப்பை மிதிக்கச் சொல்லும் வழக்கமும் ஊர்களில் உண்டு. அதனால்தான் கைப்பேசிக் காணொளிகளில் கைரோபிராக்டிக் நிபுணர் ஒருவர் முதுகை அழுத்தி 'சடக்' என்று ஒலி எழுப்பும்போது நம் ஆட்கள் தயங்காமல் நம்பிவிடுகிறார்கள்.

கைரோபிராக்டிக் முறை 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் பிறந்தது. டி.டி. பால்மர், காது கேளாத ஒருவரின் முதுகெலும்பை அழுத்திக் கேட்கும் திறனை மீட்டதாகச் சொன்னார். எலும்பு சற்றே விலகி நரம்பை நெருக்குவதால்தான் பெரும்பாலான நோய்கள் வருகின்றன என்றும் அறிவித்தார். அந்தக் கோட்பாட்டுக்கு இன்றுவரை ஆதாரம் கிடைக்கவில்லை. 'சடக்' ஒலி, மூட்டுத் திரவத்தில் சட்டென்று வாயுக்குமிழி உருவாவதால் வருவது. விலகிய எலும்பு இடத்தில் உட்கார்ந்ததற்கு அது அடையாளமே இல்லை.

கோட்பாடு தவறு என்பதால் கைவேலையும் பயனற்றது என்று முடிவுகட்டிவிட முடியாது. விரைவான சிறு அழுத்தத்தால் இறுகிய தசை தளர்கிறது. வலியை மூளை உணரும் விதமும் கொஞ்ச நேரத்துக்கு மாறுகிறது. திடீர் இடுப்புவலிக்கு இது எவ்வளவு உதவுகிறது என்று 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2017ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, நூற்றுக்குச் சுமார் 10 புள்ளி அளவு வலி குறைவதாகக் கண்டது. நாள்பட்ட இடுப்புவலி பற்றி 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டுத் தொகுப்பில், உடற்பயிற்சி போன்ற பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகளுக்கு இது ஏறத்தாழ இணையாக நின்றது, மிஞ்சவில்லை. வலிமாத்திரையால் வயிறு புண்ணாகிறவருக்கு இந்த அளவு நிவாரணமே பெரிது. ஆனால் திடீர் இடுப்புவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். அதற்கான நல்ல பெயரையும் அழுத்தியவரே வாங்கிக்கொள்கிறார்.

கழுத்து விஷயத்தில் என் கருத்து கடுமையானது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் இரண்டு, கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகவே மேலேறுகின்றன. தலையைத் திருப்பி வெடுக்கென்று சொடுக்கும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்தால், ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். இது அரிது. கழுத்துவலியே தமனிக் கிழிசலின் முதல் அறிகுறியாக இருந்திருக்கலாம், அந்த வலியோடுதான் நோயாளி சிகிச்சைக்கு வந்திருப்பார் என்பது கைரோபிராக்டிக் தரப்பின் பதில். அதில் நியாயம் உண்டு. ஆனால் அதே நியாயம், அறிகுறியைக் கண்டுபிடிக்காமல் கழுத்தில் கைவைக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. 2012இல் வெளியான, 272 பேர் பங்கேற்ற ஆய்வில், வீட்டிலேயே செய்யும் எளிய கழுத்துப் பயிற்சி, 12 வார முடிவில் இந்த அழுத்தச் சிகிச்சைக்கு ஏறக்குறைய சமமான பலன் தந்தது. ஆபத்தில்லாத வழி அதே பலனைத் தரும்போது கழுத்தை எதற்குச் சொடுக்க வேண்டும்? சலூனில் முடிவெட்டியபின் கழுத்தில் நெட்டி எடுப்பதற்கும் இதையே சொல்வேன்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல். இயன்முறை மருத்துவர்களுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தேசிய ஆணையம் இருக்கிறது. கைரோபிராக்டிக்குக்கெனத் தனிக் கவுன்சில் இல்லை. சில நாள் பயிற்சியோடு பலகை மாட்டிக்கொள்பவரை நோயாளியால் பிரித்தறிய முடியாது. முதுகெலும்புக் காசநோய் இங்கே அபூர்வமுமல்ல. காய்ச்சல், எடை இழப்பு, இரவில் கூடும் வலி, கால் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடின்மை இவற்றில் ஒன்று இருந்தாலும் அழுத்தக் கூடாது. எலும்பு தேய்ந்த முதிய பெண்களுக்கும் அப்படியே.

திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியில் குழித்தறியில் குனிந்து பட்டு நெய்பவரின் இடுப்பு, மறுநாளும் அதே தறியில்தான் குனியும். வாரம் ஒரு 'சடக்' அவருக்கு விடிவாகாது. நடுநடுவே எழுந்து நிற்பதும், முதுகுத் தசையை வலுவாக்கும் பயிற்சியும்தான் நிலைத்து நிற்கும். அந்தப் பயிற்சியைச் சொல்லித்தர திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நடமாட முடியாதவர்களுக்கு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டுக்கே இயன்முறை சிகிச்சையைக் கொண்டுவருகிறது. அவற்றை முதலில் நாடுங்கள். அதன்பிறகும் கைரோபிராக்டிக் நிபுணரிடம் போவதானால், படித்த இடத்தை விசாரியுங்கள். இடுப்போடு நிறுத்தச் சொல்லுங்கள். கழுத்தைத் தொட விடாதீர்கள்.