பீடமும் முடியும்: இடைக்காலக் கிறித்தவம் பற்றிய ஒரு மதிப்பீடு

ஐரோப்பிய இடைக்காலத்தை இருண்ட யுகமென்று இகழ்வோரும் விசுவாசத்தின் பொற்காலமென்று புகழ்வோரும், அக்காலத் திருச்சபையை ஒரே குணமுடைய பொருளாகக் கொண்டே பேசுகின்றனர். ஆராய்ந்து நோக்குவார்க்கு, அச்சபையால் மேனாட்டுக்கு விளைந்த நன்மைகளிற் பல அது முடியரசரோடு பிணங்கி நின்ற வேளைகளிலும், தீமைகளிற் பல அது அவரோடு கைகோத்து நின்ற வேளைகளிலும் தோன்றியமை புலனாகும்.

பிஷப்புமாரை நியமிக்கும் உரிமை எவருடையது என்ற வழக்கில், 1077ஆம் ஆண்டு நான்காம் ஹென்றி என்னும் ஜெர்மானிய வேந்தன் கனோசாக் கோட்டை வாயிலிற் பனியில் நின்று, பாப்பரசர் ஏழாம் கிரகரியிடம் மன்னிப்பு வேண்டினான்; 1122இல் வோர்ம்ஸ் உடன்படிக்கை ஏற்படும்வரை ஓயாத அவ்வழக்கு, அரசன் கை எட்டாத ஓர் அதிகாரமும் உலகில் உண்டென்னும் எண்ணத்தை ஜனங்களின் மனத்திற் பதித்தது. முடிக்கும் பீடத்துக்கும் இடையே தோன்றிய அந்த இடைவெளியிலேதான் கிராசியன் தொகுத்த திருச்சபைச் சட்டம் தனிச் சாஸ்திரமாக வளர்ந்தது. பாரிஸ் சர்வகலாசாலை 1231இல் பாப்பரசரின் ஆணையாற் காப்புப் பெற்றது. 1215இல் இங்கிலாந்து மன்னன் ஜான் முத்திரையிட்ட மகா சாசனத்தின் முதல் உறுப்பும் திருச்சபையின் சுதந்திரத்தையே உறுதி செய்தது.

இதனை நம் நாடாகிய இலங்கையின் வரலாற்றோடு ஒப்பிடுதல் பயன் தரும். வரக்காப்பொலைக்கு அண்மையிலுள்ள தெதிகமவிற் பிறந்தவனென்று கருதப்படும் முதலாம் பராக்கிரமபாகு, பிணக்குற்றிருந்த பௌத்த சங்கத்தை ஒன்றுபடுத்தி, பிக்குகளுக்குரிய ஒழுக்க விதிகளைப் பொலன்னறுவைக் கல்விகாரையிற் பொறிப்பித்தான். அதே தலைமுறையில், 1170இல், இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றியோடு முரணிய பேராயர் தாமஸ் பெக்கெட் தம் தேவாலயத்துள்ளேயே கொலையுண்டார். நான்காண்டுகளின் பின் அம்மன்னன் அவர் கல்லறையிற் கசையடி ஏற்றுப் பிராயச்சித்தம் செய்தான். முன்னதில் அமைதி மிகுதி. பின்னதில் இரத்தம் சிந்தியது. எனினும் அரசனின் நற்குணத்தை நம்பியிராத ஒரு காப்பு பின்னதிலேதான் உருவாயிற்று.

ஆயினும் குறைகள் சிறியனவல்ல. 1215ஆம் ஆண்டின் லாத்தரன் பொதுச்சங்கம் யூதரும் முஸ்லிம்களும் வேறுபட்ட உடை தரிக்க வேண்டுமென விதித்தது. 1415இல் கொன்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம் குற்றவாளியெனத் தீர்த்த சமயச் சீர்திருத்தவாதி ஜான் ஹஸ்ஸை அரச அதிகாரம் தீயிலிட்டது. பாப்பரசர் எட்டாம் பொனிபாஸ் 1302இல், சகல மனிதரும் தமக்குக் கீழ்ப்பட்டிருத்தல் இரட்சிப்புக்கு அவசியமென்றே சாசனம் விடுத்தார். ஆகவே மேனாட்டுச் சுதந்திரம் எவருடைய பெருந்தன்மையாலும் பிறந்ததன்று. இரு வல்லமைகளுள் ஒன்று மற்றதை முற்றாக வெல்ல இயலாமையாற் பிறந்தது.

அந்தச் சமநிலை குலைந்தால் நேர்வது யாதென்பதற்கு எங்கள் பிரதேசமே சாட்சி. அவிசுவாசம் ஒருவனது ஆட்சியுரிமையைத் தானாக அழிப்பதில்லை என்று தாமஸ் அக்குவைனாஸ் வகுத்திருக்கவும், பாப்பரசர் ஐந்தாம் நிக்கலஸ் 1455இல் போர்த்துக்கல் மன்னனுக்கு ஆபிரிக்கக் கரையிற் கிறித்தவரல்லாதார் நிலங்களைக் கைப்பற்றும் உரிமையை வழங்கினார். கடல்கடந்த சபையின் நிருவாகமும் நாளடைவில் அம்முடியின் கையதாயிற்று. இவ்வாறு இணைந்த உருவிலேதான் கிறித்தவம் கோட்டை இராச்சியத்தை அடைந்தது. 1557இல் ஞானஸ்நானம் பெற்ற அதன் மன்னன் தர்மபாலன் விகாரை நிலங்களைப் பிரான்சிஸ்கன் துறவிகளுக்கு ஈந்தான். 1580இல் இராச்சியத்தையே போர்த்துக்கல் முடிக்கு எழுதிவைத்தான். பின்னர் வரக்காப்பொல அடங்கிய நான்கு கோறளை, மெனிக்கடவரக் கோட்டையிலிருந்து படை நடத்திய போர்த்துக்கேயரின் போர்க்களமாயிற்று. அதே அமைப்பின் கீழ் உழைத்த அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் தமிழ் நூலை அச்சேற்றியதை நாம் நன்றியோடு நினைக்கவே வேண்டும். எனினும், மன்னன் தெரிந்தெடுத்த பிஷப்புமாருக்கு, அபகரிக்கப்பட்ட நிலத்தின் பொருட்டு அம்மன்னனையே கண்டிக்கும் பெக்கெட்டின் நிலை எளிதில் வாய்ப்பதன்று.

ஆதலின், எந்தச் சமயமாயினும் அது சமுதாயத்துக்குச் செய்த நன்மையை அளக்கப் புகுவோர், அதன் வேதங்களின் உயர்வை மட்டும் நோக்கி அமைதல் போதாது. ஆள்வோனை நோக்கி ஆகாதென்று சொல்லும் உரிமையும், சொன்னபின் உயிர்வாழும் வலிமையும் அதற்கிருந்தனவா என்று வினாவுதல் வேண்டும்.